வர்ணிகா பதில் சொல்லவில்லை

ஆகஸ்ட் 3, சனி

"ஒரு குழந்தைகிட்ட கேள்வி கேட்டுட்டு, பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பீங்க?"

பயிற்சியின் முதல் நாளான இன்று ஷமீலா மேடம் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி இது. ஒருத்தி பத்து விநாடி என்றாள். இன்னொருத்தி, மணி அடிக்கும்வரை என்று சொல்லிச் சிரிக்க வைத்தாள். என் முறை வந்தபோது, "பதில் வர்ற வரைக்கும்" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். இந்த வயதிலும் கைதட்டல் இனிக்கத்தான் செய்கிறது.

இந்தக் குறிப்பேட்டைக் கொடுத்ததும் ஷமீலா மேடம்தான். பயிற்சி முடியும்வரை எழுத வேண்டும். பிறகு அடுத்த அணியில் சேருகிறவர்கள் படிப்பதற்காக அலமாரியில் வைப்பார்களாம். கடைசிப் பக்கத்தில், படிக்கிறவர் செய்து பார்க்க ஒரே ஒரு காரியம் சொல்ல வேண்டும். ஆகவே, முகம் தெரியாத தோழியே, நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் திரவியக்கனி. ஊர் கோவில்பட்டி. பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டில் உட்கார முடியாமல், பக்கத்துத் தெரு நர்சரி பள்ளியில் எல்.கே.ஜி. வகுப்பை எடுத்துக்கொண்டேன். மழலையர் கல்வி டிப்ளமா இல்லாதவர்கள் அடுத்த ஜூனிலிருந்து உதவியாளராகத்தான் இருக்க முடியும் என்று தாளாளர் அம்மா சொல்லிவிட்டார். அதனால் திங்கள் முதல் வெள்ளிவரை நான் டீச்சர். சனிக்கிழமை பஸ் ஏறித் திருநெல்வேலிக்குப் போனால் மாணவி.

ஷமீலா மேடம் நல்ல பெண். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. சொற்களின் கடைசியை விழுங்கிவிடுகிறார், அதுதான் குறை. முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

தரையில் உட்கார்ந்து எழுந்தால் முழங்கால் கதறுகிறது. பாட்டுக்குக் கையை ஆட்டி முயல் மாதிரி குதிக்கவும் வேண்டும். பழைய சக ஆசிரியை ஒருவர் மார்க்கெட்டில் பிடித்துக்கொண்டு, "இப்ப என்ன பண்ணுதீங்க டீச்சர்?" என்றார். "ஒரு ஸ்கூலுக்கு ஆலோசகரா இருக்கேன்" என்று சொல்லிவிட்டேன். முயலாக இருக்கிறேன் என்றா சொல்வது?

என் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டும். பேசுவதற்கு முன் என் முழங்காலைத் தட்டுகிறார்கள். ஒரு பையன் என் கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பியே விடுகிறான். மரியாதை வீட்டிலேயே சொல்லித்தர வேண்டிய விஷயம்.

இன்று பருப்பு அடிபிடித்துவிட்டது. குக்கர் விசில் அடிக்கவே இல்லை. கேஸ்கட் போயிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 17, சனி

இன்றைய பாடம் உற்றுநோக்கல். ஒரு குழந்தையைத் தேர்ந்துகொண்டு, சில நாட்கள் கவனித்து, கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுத வேண்டும். நம் கருத்தைக் கலக்கக் கூடாது. உதாரணமாக, 'குழந்தை பிடிவாதம் பிடித்தது' என்று எழுதக் கூடாது. 'தட்டைத் தள்ளிவிட்டுத் தலையை ஆட்டியது' என்று எழுதலாம். எனக்கு இது புதிதல்ல. கணக்கில் கொடுக்கப்பட்டது, நிரூபிக்க வேண்டியது என்று பிரித்து எழுதுவதில்லையா? அதுபோலத்தான்.

பக்கத்தில் உட்காருகிற இசக்கி என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவளாம். எனக்கு நினைவில்லை.

"எப்படி டீச்சர் நினைவிருக்கும்? நீங்க எங்க யாரையும் தனியா எழுப்பிக் கேட்டதே இல்லையே. 'எல்லாரும் சேர்ந்து சொல்லுங்கம்மா'ன்னுதான் கேப்பீங்க. நான் பாட்டுக்கு வாய மட்டும் அசைச்சே பத்தாப்பு வரைக்கும் வந்துட்டேன்."

"கணக்குல பாஸாச்சா?"

"இல்ல டீச்சர். பரீட்சையில சேர்ந்து எழுத விடலையே."

சிரித்துவிட்டேன். ஆனால் அவள் சொன்னது உண்மை. அறுபது பிள்ளைகளும் ஒரே குரலில் பதில் சொல்லும்போது தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி இருக்கும். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும்.

ஆகஸ்ட் 21, புதன்

நான் தேர்ந்துகொண்ட குழந்தை வர்ணிகா. நான்கு வயது. அம்மா முத்துச்செல்வி கடலைமிட்டாய் கம்பெனியில் பாக்கெட் போடுகிறார். அப்பா லாரி டிரைவர். உற்றுநோக்கலில் எழுதியதை அப்படியே இங்கே எழுதுகிறேன்:

'மஞ்சள் அட்டையைக் காட்டி, இது என்ன நிறம் என்று கேட்டேன். குழந்தை என் முகத்தைப் பார்த்தது. பதில் இல்லை. மூன்று நாட்களும் இப்படியே. உன் பெயர் என்ன என்றதற்கும் பதில் இல்லை. உதடுகள் இலேசாக அசைந்தன. வாயில் மிட்டாய் இருக்கிறதோ என்று வாயைத் திறக்கச் சொன்னேன். திறந்தது. ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் போதிய நேரம் காத்திருந்தேன்.'

கருத்து ஒன்றுகூடக் கலக்கவில்லை.

ஆகஸ்ட் 24, சனி

என் உற்றுநோக்கலை ஷமீலா மேடம் வகுப்பில் வாசித்துக் காட்டினார். நடை தெளிவாக இருக்கிறது என்றார். பிறகு, "கனி அம்மா, வீட்ல எப்படிப் பேசுதான்னு அம்மாகிட்ட கேட்டீங்களா?" என்றார். இரண்டு தடவை சொன்ன பிறகுதான் புரிந்தது. இந்த அறையின் மின்விசிறியை மாற்ற வேண்டும்.

"கேட்டேன் மேடம். வீட்ல வாயாடின்னுதான் சொல்லுதாங்க. எல்லா அம்மாவும் அப்படித்தானே சொல்வாங்க?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மணி அடித்துவிட்டது போலிருக்கிறது, எல்லோரும் எழுந்தார்கள்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

உற்றுநோக்கலின் ஒரு பிரதியைப் பள்ளியிலும் கொடுக்க வேண்டும் என்பது விதி. தாளாளர் அம்மா படித்துவிட்டு முத்துச்செல்வியை வரச்சொல்லியிருந்தார். நானும் இருந்தேன்.

"பேச்சு வரலைன்னா யு.கே.ஜி.க்கு ஏத்த முடியாதும்மா. ஏப்ரலுக்குள்ள சரியாகலைன்னா ஸ்பெஷல் ஸ்கூல் பாத்துக்கிடுங்க. கனி டீச்சர் எவ்வளவு அனுபவசாலி! அவங்களே எழுதிக் கொடுத்திருக்காங்க."

முத்துச்செல்வி என்னைப் பார்த்தார். "வீட்ல நல்லாப் பேசுதா டீச்சர். பூனைகிட்டகூடப் பேசுவா."

"வீட்டுல பேசுறது வேறம்மா" என்றேன்.

அவர் சேலைத் தலைப்பில் கடலைப்பாகு வாசனை அடித்தது. வேலையில் பாதி நாள் விடுப்பு எடுத்து வந்திருக்கிறார்.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். பழைய மாணவிகள் நாலைந்து பேர் வீட்டுக்கு வந்து, ஒரே நேரத்தில் பேசித் தள்ளினார்கள். சிரிக்கிற இடத்தில் சிரித்து, தலையாட்டுகிற இடத்தில் தலையாட்டினேன். அவர்கள் போன பிறகு என் வீட்டுக்காரர் கேட்டார்: "அந்தப் பிள்ள மாமனார் செத்துப்போனதச் சொல்லிட்டிருந்தா. நீ ஏன் சிரிச்ச?"

இந்தக் காலத்துப் பிள்ளைகள் முணுமுணுவென்று பேசுகிறார்கள்.

செப்டம்பர் 8, ஞாயிறு

புது கேஸ்கட் போட்டும் பலனில்லை. வெயிட்டையும் மாற்றினேன். ஒரு விசித்திரம்: என் வீட்டுக்காரர் வீட்டில் இருந்தால் குக்கர் ஒழுங்காக இருக்கிறது. அவர் வெளியே போனால் அடிபிடிக்கிறது.

வேப்பமரத்தில் இந்த வருஷம் குயிலே வரவில்லை.

செப்டம்பர் 11, புதன்

ஷமீலா மேடம் என் வகுப்பைப் பார்க்கப் பள்ளிக்கு வந்தார். செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டார். அணியில் எல்லோர் வகுப்பையும் எடுத்து, 21ஆம் தேதி திரையில் போட்டுக் காட்டுவாராம். நிறங்கள் பாடம் நடத்தினேன். வர்ணிகாவிடமும் பொறுமையாகக் கேட்டேன். பதில் சொல்லவில்லை.

செப்டம்பர் 18, புதன்

வர்ணிகா இன்று சோற்றைத் தொடவில்லை. வாயைத் திறக்கச் சொன்னேன். கையால் பொத்திக்கொண்டாள். ஆயாம்மா மடியில் வைத்துச் சமாதானப்படுத்திப் பார்த்தபோது நாக்கு சிவந்து புண்ணாகியிருந்தது. சாயங்காலம் அழைத்துப்போக வந்த முத்துச்செல்வியிடம் கேட்டேன்.

"வசம்பு டீச்சர். சுட்டு, உரசி, காலையிலயும் சாயங்காலமும் நாக்குல தேய்க்கேன். பேச்சு வரும்னு சொன்னாங்க. எரியுதும்மான்னு கத்துவா. இப்ப நாலு நாளா கத்தவும் மாட்டேங்கா. வீட்டுலயும் பேச்சு நின்னுபோச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்க சொன்னப்ப நம்பல. நீங்கதான் சரி டீச்சர்."

நாக்குப் புண் ஆறும்வரை வசம்பு வேண்டாம் என்று சொன்னேன்.

செப்டம்பர் 21, சனி

தலைவலி. வகுப்பு முடியுமுன் கிளம்பி வந்துவிட்டேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

துணி துவைத்தேன். மாவு அரைத்தேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

சனிக்கிழமை எனக்குத் தலைவலி இல்லை.

என் வீடியோவைப் போட்டார்கள். திரையில் நான் மஞ்சள் அட்டையைப் பிடித்துக்கொண்டு, "இது என்ன கலர்?" என்கிறேன். வர்ணிகா என்னைப் பார்க்கிறாள். நான் காத்திருக்கிறேன். எவ்வளவு நன்றாகக் காத்திருக்கிறேன் என்று நானே மெச்சிக்கொண்டேன். உண்மையில் அப்படித்தான் நினைத்தேன். அதையும் எழுதிவிட வேண்டும்.

வகுப்பில் யாரும் திரையைப் பார்க்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இசக்கி என் காதுக்குப் பக்கத்தில் வந்தாள். "டீச்சர், அவ சொல்லுதா."

"என்னது?"

"மஞ்சள்னு சொல்லுதா டீச்சர். மூணு தடவ சொல்லிட்டா."

ஷமீலா மேடம் சத்தத்தைக் கூட்டி, மறுபடியும் முதலிலிருந்து போட்டார். எனக்கு என் குரல் கேட்டது. நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. வர்ணிகாவின் உதடு அசைகிற இடத்தில் ஒன்றுமே இல்லை. இசக்கிதான் ஒவ்வொன்றாகச் சொன்னாள். மஞ்சள். வாழைப்பழமும் மஞ்சள். எங்க வீட்டுப் பூனை பேரு சிட்டு, அதுவும் மஞ்சள். அந்தப் பிள்ளை, நான் கேட்ட கேள்விக்கு மட்டுமல்ல, கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. திரையில் நான் குனிந்து, "பதில் சொல்ல மாட்டியா? வாயத் திற. மிட்டாய் வச்சிருக்கியா?" என்கிறேன். பேசிக்கொண்டிருந்தவள் பேச்சை நிறுத்திவிட்டு, வாயை அகலத் திறந்து காட்டுகிறாள்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

நான் எழுந்து வெளியே வந்தேன். ஷமீலா மேடம் பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, முகத்துக்கு நேராக நின்று மெதுவாகச் சொன்னார்: "ஒரு தடவ காது டாக்டரப் பாத்துருங்கம்மா." பிறகு, "அந்தப் பிள்ள வீட்டுக்கு நான் போய்ச் சொல்லட்டுமா?" என்றார். நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

நேற்றும் இன்றும் வாசலில் முத்துச்செல்வியைப் பார்த்தேன். சொல்லவில்லை.

செப்டம்பர் 26, வியாழன்

இரவுச் சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்: "எனக்குக் காது கேக்கலைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் தட்டிலிருந்து நிமிர்ந்து, என் பக்கம் திரும்பி, உரக்கச் சொன்னார். "ரெண்டு வருஷமாத் தெரியும். ஒரு தடவ சொன்னேன்லா? மூணு நாள் எங்கூடப் பேசாம இருந்த."

"அதுக்கப்புறம் ஏன் சொல்லல?"

"எதுக்கு வம்பு? குக்கர் விசில் அடிச்சா நானே எந்திரிச்சுப் போய் அடுப்ப அணைச்சிருவேன்."

கணக்கு டீச்சர் நான். கொடுக்கப்பட்டது எல்லாம் என் கையாலேயே இந்தக் குறிப்பேட்டில் எழுதப்பட்டிருக்கிறது. குக்கர், குயில், மின்விசிறி, முழங்காலைத் தட்டுகிற பிள்ளைகள். மரியாதை தெரியாதவர்கள் என்று எழுதினேனே, அந்த நாலு வயதுப் பிள்ளைகளுக்கு என் காதைப் பற்றித் தெரிந்திருக்கிறது. தட்டிக் கூப்பிடத் துணிச்சல் இருந்த பிள்ளைகள் தப்பித்துக்கொண்டார்கள். வர்ணிகாவுக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

முத்துச்செல்வியின் வீட்டுக்குப் போனேன். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, காப்பி கலந்து வந்தார். வர்ணிகா பூனையை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் உதட்டை இறுக்கிக்கொண்டாள். விளக்கு மாடத்தில் கருகிய வசம்புத் துண்டு இருந்தது.

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியங்கள் எதுவும் வாயில் வரவில்லை. "முத்துச்செல்வி, வர்ணிகாவுக்கு ஒண்ணும் இல்ல. அவ பதில் சொல்லிட்டுத்தான் இருந்திருக்கா. எனக்குத்தான் காது கேக்கல" என்றேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. வீடியோவைப் பற்றிச் சொன்னேன். புரிந்ததும் எழுந்து நின்றார்.

"வீட்ல பேசுதான்னு சொன்னேன்ல டீச்சர்? அன்னைக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

"வீட்டுல பேசுறது வேறன்னு சொன்னேன்."

"இருபது நாளாப் பிள்ள நாக்குல தேச்சிருக்கேன். எரியுதும்மா எரியுதும்மான்னு சொன்னாளே, அதுவும் பேச்சுதானே? எனக்கும்லா கேக்காமப் போச்சு!" நின்றபடியே, முகத்துக்கு நேராகப் பேசியதால் ஒரு சொல்லும் எனக்குத் தவறவில்லை. "இவ அப்பா லாரியில இருந்தே போன் போட்டு ஏசுனாரு. வேலைக்குப் போறேன் போறேன்னு பிள்ளைய ஊமையாக்கிட்டியேன்னு. எங்க மாமியா தெருவெல்லாம் சொல்லிட்டாங்க. இப்ப வந்து எங்கிட்ட மட்டும் ரகசியமாச் சொல்லுதீங்க."

"என்ன செய்யணும்னு சொல்லும்மா."

"எல்லார் முன்னாடியும் சொல்லணும். ஸ்கூல் கேட்டுல. பிள்ளைங்களக் கொண்டுவந்து விடுத நேரத்துல."

நான் சரி என்றேன். அவர் உட்கார்ந்தார். டம்ளரை என் பக்கம் நகர்த்தி, "காப்பி ஆறுது, குடிங்க" என்றார். அது மன்னிப்பு இல்லை. வீட்டுக்கு வந்தவருக்குச் செய்கிற மரியாதை. குடித்தேன்.

செப்டம்பர் 30, திங்கள்

தாளாளர் அம்மாவிடம் முதலில் சொன்னேன். அவர் முகம் வெளிறிவிட்டது. "கேட்டுல நின்னு சொன்னா ஸ்கூல் பேரு என்னாகும் டீச்சர்? லீவு போட்டுட்டு வீட்டுக்குப் போங்க, நான் பாத்துக்கிடுதேன்."

போகவில்லை. கேட்டில் நின்றேன். சைக்கிள், ஸ்கூட்டர், ஆட்டோ. "வர்ணிகா நல்லாப் பேசுற பிள்ளை. அவ பேசலைன்னு நான் எழுதிக் கொடுத்தது தப்பு. எனக்குக் காது சரியாக் கேக்காது. அத மறைச்சிட்டேன்" என்றேன். 'தெரியாமல் போயிற்று' என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். வாயில் வந்தது 'மறைச்சிட்டேன்'. அதுவே சரி.

மார்க்கெட்டில் பார்த்த அந்தப் பழைய சக ஆசிரியை, பேரனைக் கொண்டுவந்து விட வந்திருந்தார். ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் நின்று முழுவதையும் கேட்டார். வணக்கம் சொன்னேன்.

முத்துச்செல்வி தலையை மட்டும் அசைத்துவிட்டு வேலைக்குப் போனார். மத்தியானம் தாளாளர் அம்மா பழைய உற்றுநோக்கலைக் கிழித்துப் போட்டார். வர்ணிகாவுக்கு யு.கே.ஜி. இடம் உண்டு என்றார். எனக்கு இனி வகுப்பு இல்லை; உதவியாளராக இருக்கலாம் என்றார்.

அக்டோபர் 15, செவ்வாய்

காதுக் கருவி பொருத்தியிருக்கிறார்கள். மெல்லிய சத்தங்களும் கீச்சுச் சத்தங்களும்தான் முதலில் போகுமாம். குக்கர், குயில், குழந்தை. மூன்றையும் டாக்டர் என்னிடம் கேட்காமலே வரிசையாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து பருப்பு வைத்தேன். விசில் அடித்தபோது கையிலிருந்த டம்ளரைக் கீழே போட்டுவிட்டேன். இவ்வளவு சத்தமாகவா அடித்துக்கொண்டிருந்தது! என் வீட்டுக்காரர் பழக்கத்தில் எழுந்தார். நான் எழுந்ததைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

அக்டோபர் 24, வியாழன்

புது டீச்சர் வகுப்பெடுக்கிறார். நான் பென்சில் சீவி, மூக்கு துடைத்து, தண்ணீர் பாட்டில்களை அடுக்குகிறேன். காதில் மாட்டியிருப்பது போனா என்று பிள்ளைகள் கேட்டார்கள். காது கேட்பதற்கான கண்ணாடி என்றேன். இன்னும் தட்டித்தான் கூப்பிடுகிறார்கள். தட்டட்டும்.

வர்ணிகா அம்மாவிடம் பேசத் தொடங்கிவிட்டாளாம், ஆயாம்மா சொன்னார். பள்ளியில் இன்னும் இல்லை. என்னைக் கண்டால் உதட்டை இறுக்கிக்கொள்வாள். நானும் கேள்வி ஒன்றும் கேட்பதில்லை.

இன்று விளையாட்டு நேரத்தில் நான் அலமாரிக்குப் பின்னால் பொம்மைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் ஒரு குரல் கேட்டது. மிகச் சின்ன, தெளிவான குரல். யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. எட்டிப் பார்த்தேன். வர்ணிகா ஒரு துணிப் பொம்மையைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்து, அதன் முன்னால் மஞ்சள் கட்டையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"இது என்ன கலர்? ம்? பதில் சொல்ல மாட்டியா? வாயத் திற. மிட்டாய் வச்சிருக்கியா?"

என் குரல்தான் அது. அந்த இழுவை, அந்தச் சலிப்பு, எல்லாம் அப்படியே. அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து என் காதில் விழுந்த முதல் வார்த்தைகள் இவை. பொம்மைக்கு வாய் நூலால் தைக்கப்பட்டிருந்தது. அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு பொம்மையின் முகத்தில் தன் காதை ஒட்டவைத்து, கண்ணை மூடிக் கேட்டாள்.

"மஞ்சளா? சரி, மஞ்சள்" என்றாள் அதனிடம்.

நான் அலமாரிக்குப் பின்னாலேயே நின்றுகொண்டேன். வெளியே வர முகம் இல்லை.

டிசம்பர் 14, சனி: கடைசிப் பக்கம்

முகம் தெரியாத தோழியே, முதல் நாள் ஷமீலா மேடம் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதிலை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை. எத்தனை நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கலாம். வந்த பதில் வந்து சேராவிட்டால் அந்தக் காத்திருப்பால் யாருக்கு என்ன பயன்? டிப்ளமா எனக்குக் கிடைத்துவிட்டது. ஜூனில் மறுபடி வகுப்பு தருவார்களா, தெரியாது. வர்ணிகா என்னிடம் இதுவரை பேசவில்லை. நேற்று மட்டும் என் முழங்காலை ஒரு தடவை தட்டிவிட்டு ஓடிப்போனாள்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டிய ஒரே காரியம் இது: இன்று ஒரு குழந்தையிடம் ஒரு கேள்வி கேளுங்கள், அது சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லி, 'இதைத்தானே சொன்னாய்?' என்று கேளுங்கள்.